மூஞ்சியைப் பார்க்காதே, விலாவைப் பார்

பேருந்து எங்களுக்கு 264 மீட்டர் பின்னால் இருப்பதாக மடிக்கணினி சொன்னது. பேருந்தோ எங்கள் பிக்கப்பின் மூக்குக்கு நேரே, கொண்டை ஊசி வளைவின் வாயில், ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மாமா என் மடியிலிருந்த திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். “பின்னாடிதானே இருக்குது மாப்ளே, அப்ப போலாமா?” என்றார்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை அது. 14 கொண்டை ஊசி வளைவுகள். மாமாவுக்கு வீடு கேத்தியில். பள்ளத்தாக்கில் விளையும் கேரட்டைக் கழுவி மூட்டை கட்டியதும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் கிளம்பி, மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடுவார். நான் கோயம்புத்தூரில் பில் போடும் மென்பொருளோடு மாரடிப்பவன். அந்த மழைக்காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள்; அம்மா ஊரான கேத்திக்குப் போய்விட்டேன். ஆசைக்காக ஒரு டேஷ் கேமராவை மாமாவின் வண்டியில் ஒட்டி, எதிரே வரும் பேருந்து எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது. முடிந்தது என்றும் சொல்ல முடியாது.

அந்த 264 எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

கேமராவுக்குத் தூரம் தெரியாது. திசை மட்டும்தான் தெரியும். படத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து கிளம்பும் ஒரு கதிர். பொருள் அந்தக் கதிரில் எங்கோ இருக்கிறது; பத்து மீட்டரிலா, நூறு மீட்டரிலா என்பதைப் படம் சொல்லாது. கதிரை எதைக் கொண்டாவது குறுக்கே வெட்டியாக வேண்டும். எல்லோரும் முதலில் எடுக்கும் கத்தி, தரை. என் கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதன் குவியத் தூரம் பிக்சல் கணக்கில் ஏறக்குறைய 1000. பேருந்தின் முன் டயர் தரையைத் தொடும் இடம் அடிவானக் கோட்டுக்கு 65 பிக்சல் கீழே தெரிகிறது என்றால், 1000-ஐ 1.3-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் 20 மீட்டர். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம், அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேத்தியிலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சமதளத்தில் முயன்று பார்த்தேன். டேப் பிடித்து அளந்த தூரமும் கணக்கும் ஒத்துப்போயின. மறுநாள் மூட்டை ஏற்றியதும் எல்லாத் தூரமும் சுருங்கிவிட்டது. 20 மீட்டரில் நிறுத்தியிருந்த ஆட்டோ 16 மீட்டருக்கும் குறைவாக வந்தது. புரோகிராமில் எங்கோ தப்பு என்று ஒரு பகல் முழுக்கத் தேடினேன். தப்பு பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டையில் இருந்தது. கேரட் மூட்டையின் பாரத்தில் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் அமுங்குகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டர் என்றால், மூக்கு ஒரு டிகிரி மேலே தூக்கும். என் கேமராவில் ஒரு டிகிரி என்பது 17 பிக்சல் சொச்சம். ஆட்டோவின் டயர் 65-க்குப் பதில் 82-இல் போய் உட்கார்ந்துகொண்டது. மூட்டை எண்ணிக்கையை வைத்தே தூரத்தைத் திருத்தலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். மாமா மூட்டைக் கணக்கை எவரிடமும் சொல்லமாட்டார், அது வேறு விஷயம்.

ஒரு டிகிரிக்கே இந்தப் பாடு. மலைச்சாலையில் டிகிரிகள் சும்மா கொட்டிக் கிடக்கின்றன. இறக்கத்தில் வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு போகிறது. கொண்டை ஊசி வளைவு வந்ததும் சாலை கொஞ்சம் சமதளமாகும். பேருந்து திரும்ப வேண்டுமே. அதாவது, எங்கள் வண்டி நிற்கும் சாய்வோடு ஒப்பிட்டால் எதிரே இருக்கும் தரை மேல்நோக்கி எழுகிறது. அந்த எழுச்சி மூன்று டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் தள்ளி நிற்கும் பேருந்தின் டயர் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். அடிவானத்துக்கு 12.5 பிக்சல்தான் கீழே. கணக்கு, தூரம் 104 மீட்டர் என்கிறது. நான்கு டிகிரி என்றால் டயர் அடிவானத்துக்கு மேலேயே போய்விடும். வகுக்கும் எண் கழித்தல் ஆகிறது. விடையும் கழித்தல். 264 மீட்டர் பின்னால்.

ஏறும்போது இதுவே தலைகீழ். மூக்கு மேலே பார்க்கிறது, வளைவு தணிகிறது. அதே 20 மீட்டர் பேருந்து பத்து மீட்டருக்கும் உள்ளே வந்துவிடும். ஒரே வளைவு, ஒரே பேருந்து. இறங்குகிறவனுக்கு அது முதுகுக்குப் பின்னால், ஏறுகிறவனுக்கு மடியில்.

நான் படித்த பாடங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் தரவுத்தொகுப்பு கிட்டி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலும் அதைச் சுற்றியும் ஒரு காரை ஓட்டிப் பதிவு செய்து 2012-இல் வெளியிட்டது. காரின் கூரையில் லேசர், முன்னே பார்க்கும் கேமராக்கள், தரையிலிருந்து 1.65 மீட்டர் உயரம். ஒரு பொருளின் இருப்பை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும்: எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று, எப்படித் திரும்பியிருக்கிறது என்பதற்கு மூன்று. திரும்புவதில் இடவலம் ஒன்று, மூக்கு மேலும் கீழும் ஆவது ஒன்று, பக்கவாட்டில் சாய்வது ஒன்று. கிட்டியில் ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பல் கோணம் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருக்கும். இடவலம் மட்டும். மற்ற இரண்டும் சுழியம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கார்ல்ஸ்ரூ ரைன் ஆற்றுச் சமவெளியில் இருக்கிறது. அங்கே அது நியாயம்தான். அந்தத் தரவில் பழகிய புரோகிராமை குன்னூர் இறக்கத்து மரப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது என் தப்பு.

சதுரங்கப் பலகை கதையையும் சொல்லிவிடுகிறேன். கேமராவின் குவியத் தூரத்தைக் கண்டுபிடிக்க, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சடித்த தாளைத் தட்டையான அட்டையில் ஒட்டி, பல கோணங்களில் படம் எடுக்க வேண்டும். பரீட்சை அட்டையில் ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. கேத்தியில் ஆடி மாதம் சுவரே வியர்க்கும். தாள் ஈரம் குடித்து, அப்பளம் போல் நடுவில் எழும்பியிருந்தது. அத்தை அதை அடுப்பங்கரையில் காயவைத்து, மேலே அம்மிக்குழவியை வைத்துத் தந்தார். அதற்கப்புறம்தான் 1000 என்ற எண் நிலையாக நின்றது.

சரி, தரையை நம்ப முடியாது. வண்டி நகர்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று அடுத்து யோசித்தேன். நமக்கு இரண்டு கண்கள் ஏன்? ஒரே பொருளை இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் தூரம் வரும். நகரும் கேமராவுக்கு இந்த ஃபிரேம் ஒரு கண், அடுத்த ஃபிரேம் இன்னொரு கண். 1981-இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் என்பவர் நேச்சர் இதழில் இதற்கு ஒரு வழி காட்டினார். இரண்டு படங்களிலும் பொதுவான எட்டுப் புள்ளிகளை அடையாளம் கண்டால் போதும். கேமரா எவ்வளவு திரும்பியது, எந்தத் திசையில் நகர்ந்தது என்று கணக்கிடலாம். எந்தத் திசையில் என்பது வரும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது வராது. பொம்மை மலையில் பொம்மை வண்டி ஓடினாலும் அதே படங்கள்தான் கிடைக்கும்.

இந்தச் சிக்கல் நம் ஊருக்குப் புதிதல்ல. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவைப் பணி அங்கே தொடங்கியது. அப்புறம் மலைக்கு மலை தியோடலைட்டைத் தூக்கிப்போய் கோணம் அளந்தார்கள். கோணத்தை எத்தனை அளந்தாலும் வடிவம்தான் கிடைக்கும், அளவு கிடைக்காது. எங்காவது ஒரு நீளத்தை மண்ணில் மண்டியிட்டு அளந்துதான் ஆக வேண்டும். எனக்கு அந்தச் சங்கிலி, வண்டியின் வேகம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33 சென்டிமீட்டர். ஜிபிஎஸ்ஸை வைத்து வேகத்தை எடுக்கலாம் என்று பார்த்தேன். பாறைச் சுவரும் மரக்கூரையும் சேர்ந்த இடங்களில் அது வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. மாமாவுக்கு அந்த வரைபடத்தைக் காட்டவில்லை.

கேத்தி ரயில் நிலையத்தில் ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது. மலை ரயிலின் தண்டவாளம் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1000 மில்லிமீட்டர். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் இருக்கும்; கேத்தியில் அது கிடையாது, சுத்தமான இரண்டு கோடுகள். கேமராவை முக்காலியில் வைத்து, நேராகக் கிடந்த கொஞ்ச தூரத்தைப் படம் எடுத்தேன். படத்தில் தண்டவாளங்கள் நெருங்கிக்கொண்டே போகும். அவற்றை நீட்டினால் சேரும் இடம் மறைபுள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து கீழே எத்தனை பிக்சல் இறங்குகிறோம், அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே எத்தனை பிக்சல் அகலம், இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் எப்போதும் கேமராவின் உயரத்துக்கும் ஒரு மீட்டருக்கும் உள்ள விகிதமே. 130 பிக்சல் இறங்கினால் 100 பிக்சல் அகலம் என்றால், கேமரா தண்டவாளத்துக்கு மேல் 1.3 மீட்டர். குவியத் தூரம்கூடத் தேவையில்லை. டேப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நடைமேடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, ரோடு வருதா?” என்று விசாரித்தார். டேப்போடு யாராவது வந்தால் மலையில் இருப்பவர்களுக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வரத்தான் செய்யும்.

அந்தப் படத்திலிருந்து இன்னொன்றும் புரிந்தது. தண்டவாளங்கள் சேர்ந்த புள்ளி, மட்டமான தரைக்கான அடிவானக் கோட்டில் இல்லை. தண்டவாளம் லேசாக ஏறுகிறது. அந்தச் சரிவுக்கான அடிவானம் வேறு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு அடிவானம் உண்டு. சமவெளியில் எல்லாம் ஒன்றாக விழுந்துவிடுவதால் நாம் ஒன்றே ஒன்று என்று நினைத்துவிட்டோம். மலையில் வளைவுக்கு வளைவு அடிவானம் மாறுகிறது. நானோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை இறங்கப் பார்த்தேன்.

நகரும் கேமராவிடம் திரும்பி வருகிறேன். அதில் மூன்று தொல்லைகள். முதலாவது, வண்டி முன்னோக்கிப் போகிறது. நேர் எதிரே இருக்கும் பொருள் இரண்டு ஃபிரேம்களிலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் தேயிலைச் செடிகளும் கைப்பிடிச் சுவரும் சரசரவென்று ஓடும். அவற்றின் தூரம் அழகாக வரும். எதன் தூரம் வேண்டுமோ அது மட்டும் வராது. இரண்டாவது, கொண்டை ஊசியில் வண்டி திரும்புகிறது. ஏழரை நொடியில் அரைவட்டம் என்றால் ஃபிரேமுக்கு முக்கால் டிகிரிக்கு மேல். படம் முழுக்க 14 பிக்சல் நகர்கிறது. கிட்டே இருக்கும் கல்லும் எதிர் மலையில் இருக்கும் மரமும் ஒரே அளவு. திரும்புவதால் தூரத்தைப் பற்றி ஒரு துளிகூடத் தெரியாது. இடம் பெயர்வதால்தான் தெரியும். 20 மீட்டர் தள்ளி நிற்கும் பொருளுக்கு, வளைவில் குறைந்துவிடும் வேகத்தில், இடப்பெயர்ச்சி தருவது நல்ல கோணத்தில்கூட ஏழு பிக்சல். 14-ஐ முதலில் துல்லியமாகக் கழித்தால்தான் அந்த ஏழு கையில் நிற்கும். மூன்றாவதுதான் பெரியது. பேருந்தும் நகர்கிறது. நான் நகர்ந்ததால் வந்த மாற்றம் எது, அது நகர்ந்ததால் வந்தது எது என்று படத்தில் பிரித்து எழுதியிருக்காது.

இந்த இடத்தில் இரண்டு வாரம் எதையும் தொடவில்லை. கேமராவைக் கழற்றாமல் மாமாவோடு சும்மா போய்வந்தேன். பர்லியாற்றில் நிறுத்தி, மங்குஸ்தான் வாங்கித் தின்றுகொண்டே பேருந்துகளை வேடிக்கை பார்த்தோம்.

அப்படி ஒரு நாள்தான் கேட்டேன். “நீங்க எப்படி மாமா எங்க நிக்கணும்னு முடிவு பண்றீங்க?”

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். சாலை விதியிலேயே இருக்கிறது. பாரத்தோடு இறங்கும் மாமா, ஏறிவரும் பேருந்துக்காக வளைவுக்கு முன்பே நின்றுவிடுவார். அதிகம் முன்னால் நின்றால் பேருந்து திரும்ப இடம் இருக்காது. ரொம்பப் பின்னால் நின்றால் நடுவில் ஏதாவது கார் புகுந்துவிடும், அப்புறம் யாரும் நகர முடியாது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டும். முன்னும் பின்னும் சக்கரங்களுக்கு நடுவே ஐந்து மீட்டர் உள்ள பேருந்து 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரம் ஒரு மீட்டருக்கு மேல் உள்வாங்கும். அதனால் ஓட்டுநர் பேருந்தின் முகத்தை வெளியே கொண்டுபோய்த்தான் திருப்பியாக வேண்டும். பேருந்து எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த அளவு திரும்பிவிட்டது என்பதுதான் மாமாவுக்கு வேண்டும்.

“பஸ்ஸோட மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாது மாப்ளே. எப்பப் பாத்தாலும் நம்மளையே பாக்கற மாதிரிதான் இருக்கும். வெலாவைப் பாரு. வெலா எவ்வளவு தெரியுதோ அவ்வளவு திரும்பிருச்சுன்னு அர்த்தம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக நான் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் நம்பர் பிளேட்டை. அது அளவு தெரிந்த செவ்வகம். கனரக வண்டிக்கு 340 மில்லிமீட்டருக்கு 200 என்று சட்டத்திலேயே இருக்கிறது. நான்கு மூலைகள். அளவு தெரிந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தால் கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்லும் கணக்கை க்ரூனெர்ட் என்ற ஜெர்மானியர் 1841-லேயே போட்டுவிட்டார். விடை நான்கு வரை வரலாம். நான்காவது புள்ளி அதில் எது என்று தீர்த்துவைக்கும். தாளில் எல்லாம் அழகுதான். ஆனால் 20 மீட்டரில் அந்தப் பிளேட்டின் அகலம் என் கேமராவில் 17 பிக்சல். பேருந்து 20 டிகிரி திரும்பினால் அது 16 ஆகும். ஒரு பிக்சல். மூடுபனியும் கண்ணாடியில் மழைத்துளியும் இருக்கும்போது ஒரு பிக்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதில் இன்னொரு கூத்து: இடப்பக்கம் 20 டிகிரி திரும்பினாலும், வலப்பக்கம் 20 டிகிரி திரும்பினாலும் தூரத்தில் அதே 16 பிக்சல்தான். பிளேட் சில நேரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடமும் வலமுமாகத் தலையாட்டியது, தஞ்சாவூர் பொம்மை மாதிரி.

நேரே பார்க்கும் பரப்பு திரும்பத் தொடங்கும்போது அதன் அகலம் ரொம்ப மெதுவாகத்தான் குறையும். அது கோசைன். பக்கவாட்டுப் பரப்போ முதல் டிகிரியிலிருந்தே வேகமாக வெளியே வரும். அது சைன். பள்ளியில் இரண்டின் வரைபடத்தையும் போட்டிருக்கிறோம். ஒன்று உச்சியில் தட்டையாகத் தொடங்கும், மற்றது அடியிலிருந்து விறுவிறுவென்று ஏறும். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் நீளப் பேருந்து, 20 மீட்டர் தூரத்தில், 20 டிகிரியிலிருந்து 21-க்குத் திரும்புகிறது. முகத்தின் அகலத்தில் ஒரு பிக்சல்கூட முழுதாக மாறவில்லை. விலாவின் கடைசி மூலை ஆறு பிக்சல் நகர்ந்தது.

அப்புறம் வேலை வேகமாக ஓடியது. தரையைத் தூக்கி எறிந்தேன். பேருந்தின் ஜன்னல் வரிசையை எடுத்துக்கொண்டேன். ஜன்னலின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, பக்கத்தில் அடித்திருக்கும் வண்ணப் பட்டை, எல்லாம் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணை. படத்தில் அவையும் தண்டவாளம் மாதிரி ஒரு மறைபுள்ளியைப் பார்த்துச் சாயும். அந்தப் புள்ளி இருக்கும் திசையே பேருந்தின் திசை. இடவலம் மட்டுமல்ல, மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் அதிலேயே இருக்கிறது. என் வண்டி எந்தச் சாய்வில் நிற்கிறது, மூட்டை எத்தனை, தரை எங்கே மடிகிறது, எதுவும் வேண்டாம். தூரத்துக்குப் பேருந்தின் அகலத்தை 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். சட்டப்படி 2.6-க்கு மேல் போகக்கூடாது. அகலத்தில் நான்கு விழுக்காடு தப்பினால் தூரத்திலும் நான்கு விழுக்காடுதான் தப்பும். முதுகுக்குப் பின்னால் போகாது.

ஒரு குழப்பம் மட்டும் கொஞ்ச நாள் ஆட்டியது. ஓரமாக நிறுத்தியிருந்த லாரியைக் கடந்துபோகும்போது புரோகிராம் அது திரும்புவதாகச் சொன்னது. எஞ்சினே ஓடவில்லை, எப்படித் திரும்பும்? தூரத்தில் இருக்கும்போது லாரியின் பின்பக்கம் மட்டும் தெரியும். கிட்டே போகப் போக விலா தெரியும். தாண்டும்போது முழு விலா. லாரி நகரவில்லை, நான் பார்க்கும் கதிர் திரும்பியது. பொருள் எனக்கு எப்படித் தெரிகிறது என்பது ஒரு கோணம், சாலையில் அது எப்படி நிற்கிறது என்பது இன்னொன்று. முதலாவதோடு பார்வைக் கதிரின் கோணத்தைக் கூட்டினால் இரண்டாவது வரும். படத்தின் ஓரத்தில் இருக்கும் வண்டிகளுக்கெல்லாம் இதைக் கூட்ட மறந்திருந்தேன். ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு நான்கு நாள்.

சரிபார்க்க வேண்டுமே. பர்லியாற்றில் பேருந்துகள் டீக்கு நிற்கும், ஒன்று நேராக, ஒன்று கோணலாக. 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் பம்பரிலிருந்து அவற்றின் மூலைகளுக்கு அளந்தேன். ஒரு ஓட்டுநர் டம்ளரோடு வந்து, “எதுக்குங்க அளக்கறீங்க, வாங்கப் போறீங்களா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். திரையைப் பார்த்துவிட்டு, “பின்னாடி ஓவர்ஹேங்கை விட்டுட்டீங்களே, வால் வெளிய வீசும்” என்றார். பின்சக்கரம் உள்ளே வெட்டுவதை மட்டும் பார்த்த நான், அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடம்பு எதிர்ப்பக்கம் வீசுவதை விட்டிருந்தேன். நின்ற பேருந்துகளில் கோணம் பெரும்பாலும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போனது. ஓடும் பேருந்தில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஓடும்போது டேப் பிடிக்க மாமா விடவில்லை.

வளைவுகளில் வைத்திருக்கும் குவி ஆடியில் தெரியும் பேருந்தைப் பாறைக்குள் நிற்கும் குட்டிப் பேருந்து என்று புரோகிராம் பிடித்ததும், ஆடியில் இடவலம் மாறுவதால் அது எதிர்த்திசையில் திரும்பியதும் தனிக் கதை. இன்னொரு நாள்.

விடியுமுன் இருட்டில் இதெல்லாம் எதுவும் நடக்காது. விலாவும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. இரண்டு விளக்கு, சில நேரம் ஒன்று. ஒன்று என்றால் பைக்காகவும் இருக்கலாம், ஒரு பல்பு போன லாரியாகவும் இருக்கலாம். இரண்டு புள்ளிகளை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மாமா இருட்டில்தான் நிம்மதியாக ஓட்டுகிறார். பேருந்து கண்ணுக்கு வருமுன்பே அதன் வெளிச்சம் எதிர்ப்பாறையைத் தடவிக்கொண்டு வரும். வெளிச்சம் பாறையில் நகர்ந்தால் வண்டி திரும்புகிறது. ஒரே இடத்தில் நின்று பெருத்தால் நேராக வருகிறது. இரண்டு வளைவு கீழே பார்த்த பேருந்து மறைந்துபோனாலும் அவர் மனதுக்குள் அது ஏறிக்கொண்டே இருக்கும். “இப்ப வரும் பாரு” என்பார், வரும். கால்மன் 1960-இல் எழுதிய வடிகட்டி செய்வதும் இதையே: காணாத நேரத்தில் ஊகித்துக்கொண்டே போவது, கண்டதும் ஊகத்தைத் திருத்திக்கொள்வது. அதை என் புரோகிராமில் சேர்த்தேன், பகலில் நன்றாகவே ஓடுகிறது. பாறையில் விழும் வெளிச்சத்தைப் படிக்க அதற்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் திரும்புவதற்கு முந்தின நாள், காட்டேரி தாண்டி, தேயிலைக்கு நடுவே சாலை குறுகும் இடம். நல்ல பனி. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கறுப்புத் திட்டு. மாமா பிரேக்கை மிதித்து, விளக்கைத் தணித்தார். காட்டெருமை. சாலை நடுவில்.

திரையைப் பார்த்தேன். ‘மாடு’ என்று பிடித்திருந்தது, அந்த மட்டும் சரி. ஜன்னல் வரிசை இல்லை, நேர்கோடு இல்லை, அகலம் எவ்வளவு என்று எழுதிவைத்த சட்டம் இல்லை. பனியில் முன்னும் பின்னும் ஒரே கறுப்பு. ஒரு ஃபிரேமில் எங்களைப் பார்க்கிறது என்றது, அடுத்த ஃபிரேமில் 180 டிகிரி திரும்பி முதுகைக் காட்டுகிறது என்றது. மறுபடி எங்களை. மறுபடி முதுகு.

“எந்தப் பக்கம் பாக்குது மாமா?”

“தெரியலை. இரு.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் இரண்டு முறை போய்வந்தது. அப்புறம் அந்தக் கறுப்பு மெல்ல அகன்றது. முதலில் தோள்மேடு, பிறகு முதுகுக்கோடு, பிறகு கீழே நான்கு வெள்ளைக் கால்கள்.

மாமா முதல் கியரைப் போட்டார்.